ஆலோசனை அறையில் ஒரு அடுப்பு

இதய வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் அதிகமாகக் கேட்ட பொய் ஒன்று உண்டு. "ஊறுகாயா? எங்க ஊட்ல அத்தத் தொடறதே இல்ல மேடம்." தமிழில் சொல்வார்கள், தெலுங்கில் சொல்வார்கள், தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர்களும் உண்டு. சொல்லும்போதே கட்டிலுக்கு அடியில் இருக்கும் கூடையின் பக்கம் கண் போய்த் திரும்பும். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த கேள்விக்குப் போகப் பழகிக்கொண்டால்தான் இந்த வேலையில் நிலைக்க முடியும்.

திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் பழைய துறைக்குப் போயிருந்தேன். இப்போது நோயாளியின் வயது, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கணினியில் போட்டால் மூன்று வேளை உணவுப் பட்டியல் அச்சடித்து வந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அப்ப நீங்கள்லாம் நாள் முழுக்க என்ன பண்ணிக்கினு இருந்தீங்க மேடம்?" என்று கேட்டாள். கிண்டலில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நகரிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. திருப்பதியில் மனையியல் படித்தேன். ஊட்டச்சத்து பற்றிப் படித்ததில் முக்கால்வாசி வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவாமல் போனது. புத்தகத்தில் கலோரி இருந்தது, கட்டிலில் மனிதர்கள் இருந்தார்கள். மீதியைக் கற்றது பிரமீளா மேடத்திடம்.

பிரமீளா மேடம் எங்கள் துறைத் தலைவி. நெல்லூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் சமையற்கூடத்துக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுவார், கை கழுவுவார், பிறகு வரிசையாக ஒவ்வொரு பாத்திரத்திலும் ருசி பார்ப்பார். பாத்திரத்துக்கு ஒரு கரண்டி. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு மடக்கு வெந்நீர். இதய வார்டுக்கான சாம்பாரில் உப்பே கிடையாது, அதையும் அதே முகத்தோடு ருசி பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். கரண்டியைச் சமையல்காரர் கையில் கொடுப்பார். அவரே குடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார்.

உப்பில்லாமல் சமைத்து, ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு அனுமதியோ அதை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். தேக்கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து, அதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை வெண்ணெய்த் தாளில் மடிக்க வேண்டும். காலைத் தட்டோடு பொட்டலம் போகும். அதை எந்த வேளைக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது நோயாளியின் பாடு. மத்தியானமே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டு ராத்திரிக்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மூன்றாம் நாள் கணக்கு பிடிபட்டுவிடும். அதற்காகத்தான் அந்தப் பொட்டலம். "வீட்டுக்குப் போனால் நாம் கூட வரப்போவதில்லை" என்பார் மேடம்.

திருமலைக்கு அலிபிரிப் படியேறும்போது நெஞ்சு வலி வந்து கொண்டுவரப்படும் பக்தர்கள் எங்களிடம் அதிகம். அப்படி வந்த ஒரு பெரியவருடைய தலையணைக்குக் கீழே லட்டு இருந்தது. சர்க்கரை நோயும் இருக்கிறவர். நர்ஸ் எடுத்துவிட்டாள், அவர் சாப்பாட்டையே தொடமாட்டேன் என்றுவிட்டார். மேடம் போய்க் கட்டிலருகே நின்றார். லட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, "தாத்தா, இத்தனை பேர் மலை ஏற முடியாமல் படுத்திருக்கிறார்கள். நீங்களே பிரசாதம் கொடுங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். பெரியவர் எழுந்து உட்கார்ந்து, வார்டு முழுவதுக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது ஒரு முந்திரியும் கொஞ்சம் பொடியும்தான். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். மேடம் சமையற்கூடத்துக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சாப்பாடு அனுப்பு, ஆறிவிடும்."

தொண்ணூறுகளின் நடுவில் வார்டு மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் களியும் கீரையும் தின்று, பீடி குடித்து, வயசான பிறகு வருவார்கள். இப்போது நாற்பது வயசுக்காரர்கள் வந்தார்கள். பெட்டிக்கடை வரைக்கும் பாக்கெட் எண்ணெய் வந்துவிட்டது. புத்தலப்பட்டு மாதிரி ரோட்டோர ஊர்களில்கூட பேக்கரி வந்துவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. வீடுகளில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிள்ளைகள் பெங்களூரில், கொஞ்சம் படித்தவர்கள் அமெரிக்காவில். எங்கள் ஜில்லாவிலிருந்து பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார்கள். ஆண்களை வேண்டாம் என்று சொன்ன ஏஜெண்டுகள் பெண்களைத் தேடி ஊர் ஊராக வந்தார்கள். எங்கள் கேள்வித்தாளில் நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க ஒரு பக்கம் இருந்தது. அதைச் சமைப்பது யார் என்று கேட்க இடமில்லை. வீடு என்றால் சமைக்க ஒரு பெண் இருப்பாள் என்பதுதான் அந்தத் தாளைத் தயாரித்தவர்களின் நினைப்பு.

முனிரத்தினம் வந்தது அந்தச் சமயத்தில்தான். குப்பத்தை அடுத்த குடுபல்லிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா காலம் வரை கூலி வேலை, இவர் காலத்தில் கொஞ்சம் நிலம் கைக்கு வந்து தக்காளி வைத்திருந்தார். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் உடம்பில் நீர் தேங்கும் நிலை. முதல் தடவை நீரை வெளியேற்றி, மாத்திரை கொடுத்து, உப்பைப் பற்றி நான் நிறையப் பேசி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சில வாரங்களில் கால் வீங்கித் திரும்பி வந்தார். மறுபடி அனுப்பினோம். மூன்றாவது தடவை வாடகை ஜீப்பில், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். கூட வந்தது அவருடைய மச்சான் ஏழுமலை.

எங்கள் இதய மருத்துவர் முனிரத்தினத்தின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "மள்ளீ ஒச்சினாவா, முனிரத்னம்?" என்றார். மறுபடி வந்துவிட்டாயா என்ற அந்தக் கேள்வியில் கோபமில்லை, களைப்புதான். வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம், "மருந்தில் இனி ஏற்ற இடமில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் திருப்பி அனுப்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரை சாப்பிட்டதையெல்லாம் சொல்லச் சொல்வது எங்கள் முறை.

"காலைல டீ. அப்பறம் சோறு," என்றார்.

"சோத்துக்கு இன்னா ஊத்திக்கினீங்கண்ணா?"

"இருக்கிறத்த."

"மத்தியானம்?"

"அதே சோறுதான்."

"சமைக்கிறது யாரு?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். "சோறு மட்டும் நானே வடிச்சிக்கிறன்."

"ஊட்டுக்காரம்மா?"

"குவைத்துல கீறா."

மீதியை ஏழுமலைதான் வராந்தாவில் நின்று சொன்னான். "அக்கா போறதுக்கு மின்ன ஒரே வேலையா இதான் மேடம். மாங்கா, எலுமிச்ச, கோங்கூரா, மோர் மொளகா, எல்லாத்தயும் போட்டு ஜாடி ஜாடியா கட்டி வெச்சிட்டுப் போச்சி. மாமாவுக்கு அடுப்புல சோறு வைக்க மட்டும்தான் தெரியும். தான் திரும்பி வர்ற வரிக்கும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு. மூணு வேளையும் அதான் துன்னிக்கினு கீறாரு."

"ஆஸ்பத்திரிக்கு வந்தது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தக்காளி மண்டிக்காரர் ஊட்டு போன்ல பேசும். நல்லா கீறன்னு சொல்லிடுவாரு. நெஞ்சு வலின்னு தெரிஞ்சா பொறப்பட்டு வந்துடும், பாஸ்போட்டு அங்க மொதலாளி கைல கீது, எதுனா வம்பாயிடும்னு பயம். என்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு."

மறுபடி உள்ளே போய், ஊறுகாயை விட வேண்டும் என்று முனிரத்தினத்திடம் சொன்னேன். உப்பு நீரைப் பிடித்து வைக்கும், அந்த நீரைச் சுமக்க அவருடைய நெஞ்சால் முடியவில்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"அத்தயும் உட்டுட்டா அந்த ஊட்ல அவ இருந்த மாதிரியே இருக்காது மேடம்," என்றார்.

நேராக மேடத்திடம் போனேன். இவருக்குப் பட்டியல் கொடுத்துப் பயனில்லை, பருப்பும் கீரையும் உப்பில்லாமல் வைக்கக் கற்றுக்கொடுத்தால்தான் பிழைப்பார், சமையற்கூடத்துக்கு அழைத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"கிச்சனுக்குள் நோயாளி கால் வைக்கக் கூடாது," என்றார் மேடம். நிமிரக்கூட இல்லை. நியாயமான விதிதான். இருந்தாலும் அன்று எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்டு போன் அடித்தது. எடுத்த நர்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, யாரோ தமிழம்மா என்று என்னிடம் நீட்டினாள்.

"முனிரத்தினம்னு ஒர்த்தரு அங்க கீறாரா?" குரல் எங்கோ தொலைவிலிருந்து தாமதமாக வந்தது.

"நீங்க யாரும்மா?"

"அவரு ஊட்டுக்காரி, கோவிந்தம்மா. குவைத்துல இருந்து பேசறன். போன வாரம் போன்ல வர்ல, இந்த வாரமும் வர்ல. மண்டிக்காரரு திர்பதி ஆஸ்பத்திரின்னு சொல்லி நம்பரும் குடுத்துட்டாரு. உசுரோட கீறாரா, அத்த மட்டும் சொல்லுங்க."

"கீறாரும்மா. நல்லா மூச்சு உட்டுக்கினு உக்காந்துக்கினு கீறாரு. கொஞ்சம் இருங்க."

போனை மேசைமேல் வைத்துவிட்டு முனிரத்தினத்திடம் ஓடினேன். மனைவி பேசுவதாகச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் தெரிந்துவிட்டதா என்றார். ஆஸ்பத்திரி என்பது மட்டும் தெரியும், மற்றதை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லிடுங்க," என்றார். "பொய் சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு வாங்குது."

சொன்னேன். மாரடைப்பு, நீர் தேங்குவது, உப்பு ஆகாதது, மூன்று தடவை வந்தது, எல்லாம்.

"நான் போட்டுட்டு வந்த ஊறுகாயாலயா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரத்தில் தனியாக நிற்கிற பெண். ஆனால் அப்படிச் சொன்னால் ஜாடி அங்கேயே இருக்கும்.

"அதுல கீற உப்புதாம்மா அவரு நெஞ்சுக்கு ஆவல. நீங்க போடும்போது அவருக்கு இந்த நோவு இல்ல. யாருக்கும் தெரியாது."

"இங்க பெரியவரு ஒர்த்தரு கீறாரு மேடம்," என்றாள். குரல் உடைந்து, மறுபடி நிமிர்ந்தது. "இந்த ஊட்டு மொதலாளியோட நைனா. அவருக்கும் நெஞ்சு நோவு. அவருக்குன்னு உப்பில்லாம தனியா நான்தான் சமைக்கிறன். எலுமிச்சங்கா புழிஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு, சீரகம் வறுத்துப் போட்டு. நல்லாத் துன்றாரு. அங்க என் ஆளுக்கு உப்பக் கொட்டி ஜாடி ஜாடியா வெச்சிட்டு வந்து கீறன்."

உடனே அவளே கேட்டாள். "அவர்கிட்ட போனக் குடுக்க முடியுமா?"

நானும் நர்ஸும் முனிரத்தினத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தோம். அவர் பேசியது குறைவு. "ம்" என்றார், "சரி" என்றார், "நீ இப்ப வராத, ஒப்பந்தம் முடிச்சிட்டு வா" என்றார். கடைசியில், "பருப்பு வேகவெக்க எனக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டார். அதற்கு அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னது நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஆலோசனை அறையைத் திறந்தால், சுவரோரம் ஒரு மின் அடுப்பு இருந்தது. பக்கத்தில் இரண்டு பாத்திரம், ஒரு பருப்பு மத்து, ஒரு அரிவாள்மணை. மேடம் வாசலில் வந்து நின்றார்.

"இது கிச்சன் இல்லை," என்றார். போய்விட்டார்.

முனிரத்தினத்தின் முதல் பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாவது வேகவே இல்லை. கீரையை ஆய்ந்து கழுவ அவருடைய தடித்த விரல்களுக்குப் பொறுமை இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். தக்காளி நாற்று நட்ட விரல்கள். பூண்டு தட்டி, சீரகம் வறுத்து, கீரை கடைந்து, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தார். கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, "மண்ணு மாதிரி கீது," என்றார். நாக்கு உப்பை மறக்கச் சில வாரம் ஆகும், அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த நாள் கொஞ்சம் மிளகு சேர்த்தார். அதற்கடுத்த நாள் பொட்டலத்து உப்பைச் சமையலில் போடாமல், தட்டில் மேலாகத் தூவினால் குறைச்சலான உப்பே நாக்குக்கு நன்றாகத் தெரிகிறது என்று அவரே கண்டுபிடித்தார். வார்டிலிருந்த மற்ற ஆண்கள் கதவோரம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். முதலில் சிரிக்க வந்தார்கள். பிறகு, "நூனெ எந்த வெய்யாலி?" என்று தெலுங்கில் எண்ணெய் அளவு கேட்டார்கள்.

அவர் ஊருக்குப் போகும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். ஒன்று, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைச் செம்பில் அளந்து குடிப்பது. இன்னொன்று, தினமும் காலையில் எழுந்து, வெளிக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில் எடை பார்ப்பது. எடை திடுதிப்பென்று ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கும் வரை காத்திருக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும். எடை மெஷினுக்கு எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை. தக்காளி மண்டியில் கூடை நிறுக்கும் தராசில் ஏறி நிற்கிறார் என்று பிறகு ஏழுமலை வந்து சொன்னான். ஒவ்வொரு ஜாடியாக ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கொடுத்துவிட்டாராம். ஒன்றை மட்டும் துணி கட்டிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாராம். திறப்பதில்லை என்று சத்தியம் செய்தான். நம்பினேன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் கால் அதைச் சொன்னது. மருத்துவர் கட்டைவிரலை எடுத்ததும் தோல் எழும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை போன் நிற்கவில்லை. மண்டிக்காரர் வீட்டு வாசலில் நின்று, என்ன சமைத்தேன் என்று இவர் சொல்வார், அதில் என்ன தப்பு என்று அவள் சொல்வாள். ஊரே கேட்டுச் சிரிக்கும் என்றான் ஏழுமலை.

ஒப்பந்தம் முடிந்து கோவிந்தம்மா திரும்பியதும் இருவரும் சேர்ந்து பரிசோதனைக்கு வந்தார்கள். ஒடிசலான பெண், கண்ணில் மட்டும் கூர்மை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்து எறங்கின அன்னைக்கு எனக்கு சோறு போட்டாரு மேடம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஒர்த்தரும் ஒக்கார வெச்சி சோறு போட்டதில்ல. வாய்ல வெச்சா உப்பே இல்ல. சொல்ல மனசு வர்ல, துன்னுட்டன்." முனிரத்தினம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகும் அடுப்பை அவளிடம் விடவில்லை. அவள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஆலோசனை அறை அடுப்பு அங்கேயே நிலைத்தது. மனைவிமார் குவைத்திலிருந்த ஆண்கள் வந்தார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலிருக்க, பெரிய வீட்டில் தனியாகிப்போன ஓய்வு பெற்ற வாத்தியார்கள் வந்தார்கள். சிலருக்கு வெங்காயம் உரிக்கவே தெரியவில்லை. எல்லாரும் தேறவில்லை. சிலர் சமையலில் தேறி, பீடியில் தோற்றுப்போனார்கள். மேடம் ஓய்வு பெறும் வரை தினமும் ஒரு தடவை வந்து, அங்கே வெந்துகொண்டிருப்பதையும் ருசி பார்ப்பார், பாத்திரத்துக்கு ஒரு கரண்டியோடு.

பல வருஷம் கழித்து ஒரு மழைக்கால மத்தியானம் கோவிந்தம்மா தனியாக வந்தாள். கேட்காமலே தெரிந்தது.

"தூக்கத்துலயே போய்ட்டாரு மேடம். கஷ்டப்படல. எதுனா ஆச்சின்னா உங்களுக்குச் சொல்லணும்னு எப்பவோ சொல்லி வெச்சிருந்தாரு. அதுக்குத்தான் வந்தன்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். வந்தது அதற்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"கொள்ளு ரசம் ஒண்ணு வெப்பாரு. அவரு போனதுல இருந்து நானும் வெச்சிப் பாக்கறன், அந்த ருசி வர்ல. நான் போய் எட்டிப் பாத்தா தொரத்திடுவாரு. நீங்கதான கத்துக் குடுத்தீங்க, இன்னா போடறதுன்னு சொல்லுங்க."

அறையைத் திறந்து அடுப்பைப் போட்டேன். கீழே கடையிலிருந்து கொள்ளு வாங்கி வரச் சொல்லி, வறுத்து வேகவைத்து, மிளகு, மல்லி, பூண்டு என்று எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் வைத்துப் பார்த்தோம். கோவிந்தம்மா ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சிப் பார்த்தாள். "இது இல்ல," என்றாள். "இதுவும் இல்ல. வேற இன்னாமோ போடுவாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கோவிந்தம்மா, நான் அவருக்குக் கத்துக் குடுத்தது பருப்பும் கீரையும்தான். கொள்ளு ரசம் நான் கத்துக் குடுக்கவே இல்ல."

"அப்ப யாரு குடுத்தது?"

"போன்ல நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லல. எங்க அம்மா ஊட்லயும் சரி, எங்க மாமியா ஊட்லயும் சரி, கொள்ள மாட்டுக்குத்தான் வெப்போம்."

கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை இறக்கி வைத்தேன்.

"அப்ப அவராவே வெச்சதா?" என்றாள். முகம் மெல்ல மலர்ந்தது. "சோறு வடிக்க மட்டும்தான் தெரியும்னு அந்த ஆள ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சன் நான்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணீர் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுது முடித்ததும், வைத்த ரசத்தை வீணாக்கக் கூடாது என்று சோறு கேட்டாள். இரண்டு தட்டு வரவழைத்தேன். அதைப் பிசைந்து இருவரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அவளே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குப்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.